பணம் எங்கே என்று யார் தேட வேண்டும்?

எந்த இயந்திரமும் ஒரு நாள் மக்கர் பண்ணத்தான் செய்யும். வங்கியின் சர்வர் வருஷம் முழுக்க ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. சேவை நின்றுபோன அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக் கோபம் எனக்குச் சீக்கிரம் ஆறிவிடுகிறது. ஆறாத கோபம் மறுநாள் காலையில்தான் தொடங்குகிறது. சர்வர் எழுந்து உட்கார்ந்துவிடும், ஆப் வழக்கம்போலத் திறக்கும், வங்கியைப் பொறுத்தவரை பிரச்சினை முடிந்துவிடும். ஆனால் இடைப்பட்ட நேரத்தில் என் கணக்கிலிருந்து கிளம்பிய பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது, என் கணக்குக்கும் திரும்பியிருக்காது. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை யாருடையது?

இன்றைய நடைமுறையில் அது நம்முடையது. பணத்தைப் பறிகொடுத்தவரே அதைத் தேடவும் வேண்டும். இது மாற வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

போன மழைக்காலத்தில் என் மாமியாரை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ராத்திரி பத்தரை மணிக்கு மேல் டாக்டர் ஒரு ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார். கீழே இருக்கிற மருந்துக்கடையில் வாங்கி உடனே மேலே அனுப்ப வேண்டும். பில் பதினோராயிரத்துச் சொச்சம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, பின் நம்பர் போட்டேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்துவிட்டது, கணக்கில் இவ்வளவு பற்று என்று. ஆப்பைப் பார்த்தால் 'நிலுவையில்' என்று மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. கடையின் சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, எங்களுக்கு வரலக்கா" என்றான் கவுன்ட்டரில் இருந்த பையன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். "எனக்கு மெசேஜ் வந்திருச்சு தம்பி, பாரு" என்று போனைக் காட்டினேன். அவனும் தன் போனில் வரவு வரிசையை இழுத்து இழுத்துக் காட்டினான். எனக்கு முன்னால் வாங்கிப்போனவருடையது வரை இருக்கிறது, என்னுடையது இல்லை. "நான் பொய் சொல்லலக்கா. காலைல கணக்கு ஒப்படைக்கும்போது இடிச்சா என் சம்பளத்துல பிடிச்சிருவாங்க. கொஞ்சம் புரிஞ்சுக்கங்க."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மருந்து இரண்டடி தூரத்தில், ஐஸ் பை சுற்றி, மேசைமேல் இருக்கிறது. எனக்குப் பின்னால் நான்கைந்து பேர் நிற்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்கும் இதே கதி. ஒருவர் பரமக்குடிப் பக்கத்திலிருந்து மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டிவந்தவர். "ரொக்கமா எடுக்கலாம்னா ஏடிஎம்மும் வேலை செய்யலம்மா" என்றார். திருப்பூரில் இருக்கிற என் தம்பியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அவன் வேறொரு வங்கிக் கணக்கிலிருந்து கடைக்கு நேராக அனுப்ப, சவுண்ட் பாக்ஸ் பேசியது. மருந்து மேலே போனது.

எழுப்பினால் எழுந்து, கேள்வி கேட்காமல் அனுப்ப ஒரு தம்பி எனக்கு இருந்தான். அப்படி ஒரு ஆள் இல்லாதவர், ஒரே ஒரு கணக்கு வைத்திருப்பவர், மாசக் கடைசியில் அந்தப் பதினோராயிரத்தைத் தவிர வேறு பணமே இல்லாதவர் அந்த இரவில் என்ன செய்திருப்பார்? சேவை நின்றால் 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி போடுகிறார்களே, அந்தச் சிரமம் எல்லோருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. இரண்டு கணக்கு, இரண்டு அட்டை, பர்ஸில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருப்பவருக்கு அது பத்து நிமிஷத் தொல்லை. மற்றவருக்கு அது மருந்து, ஆஸ்பத்திரி முன்பணம், பிள்ளையின் பரீட்சைக் கட்டணம்.

மறுநாள் கிளைக்குப் போனேன். கணினியில் பார்த்துவிட்டு அந்த அதிகாரி சொன்னார்: "எங்க சைடுல சக்ஸஸ்னு காட்டுது மேடம். பணம் போயிருச்சு. நீங்க அந்தக் கடைக்காரரோட பேங்க்லதான் கேக்கணும்." கடை முதலாளியின் வங்கியில் எனக்குக் கணக்கே இல்லை. என்னை யார் என்று அவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்? ஆப் நிறுவனத்தின் உதவிப் பிரிவில் கேட்டால் உங்கள் வங்கியை அணுகுங்கள் என்றார்கள். வங்கியின் இலவச எண்ணுக்கு அடித்தால் ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, அட்டை எண்ணைப் போடு, கடைசியில் மறுபடி முதல் பட்டியல். மூன்று வாசல், மூன்றிலும் அடுத்த வாசலைக் கைகாட்டுகிறார்கள்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். யுபிஐயில் ஒரு பணம் போவதற்குள் குறைந்தது நான்கு கை மாறுகிறது. நம் ஆப், நடுவில் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் என்கிற என்பிசிஐ, நம் வங்கி, வாங்குபவரின் வங்கி. நம் வங்கி பற்று வைத்துவிட்டு 'வைத்தாயிற்று' என்று என்பிசிஐக்குச் சொல்கிறது. என்பிசிஐ வாங்குபவரின் வங்கியிடம் 'வரவு வை' என்கிறது. அந்த வங்கியின் சர்வர் அந்த நொடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் பதில் வராது. வரவு வைத்ததா, இல்லையா என்பது நடுவில் இருப்பவருக்கும் தெரியாது, நம் வங்கிக்கும் தெரியாது. அதனால்தான் நம் கிளையில் 'சக்ஸஸ்' என்று காட்டுகிறது. கிளையில் உட்கார்ந்திருப்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய திரைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் வங்கிகள் ஒன்றோடொன்று தினமும் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. எந்தப் பரிவர்த்தனை தொங்குகிறது என்பது அவர்களுடைய தீர்வுக் கோப்பில் எண்ணோடு, நேரத்தோடு இருக்கிறது. அந்தக் கோப்பைப் பார்க்க முடிந்தவர்களை விட்டுவிட்டு, பார்க்கவே முடியாத என்னை வங்கி வங்கியாக அலையவிடுவதற்கு என்ன நியாயம்?

ரிசர்வ் வங்கி இந்த நியாயத்தை ஏற்கவில்லை என்பதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம். 2019 செப்டம்பர் 20 அன்று அது ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. தோற்றுப்போன ஒவ்வொரு வகைப் பரிவர்த்தனைக்கும் எத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஏடிஎம்மில் கணக்கில் பற்று ஆகி நோட்டு வரவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள். யுபிஐயில் ஒரு ஆளுக்கு அனுப்பியது அவர் கணக்கில் சேரவில்லை என்றால், அடுத்த ஒரு நாள். கடைக்குச் செலுத்தியது கடையில் பதிவாகவில்லை என்றால், ஐந்து நாள். அதைத் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், வங்கி தானாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

தானாகவே என்பது அந்தச் சுற்றறிக்கையிலேயே இருக்கிற நிபந்தனை.

நான் அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுபடி கிளைக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லிப் படித்துப் பார்த்தார். "இதெல்லாம் வேலை நாள் கணக்கு மேடம். நடுவுல சனி, ஞாயிறு, ஒரு லீவு வந்திருக்கு" என்றார். சுற்றறிக்கையிலேயே அதற்கும் பதில் இருக்கிறது: பரிவர்த்தனை நாள் என்பது காலண்டர் தேதி. விரலை வைத்துக் காட்டினேன். அவர் மறுபடி படித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்களுக்கே மேல இருந்து யாரும் இதைச் சொன்னதில்ல மேடம். நீங்க எழுதிக் குடுங்க, ஃபார்வேர்ட் பண்றேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கிளையில் நான்கு கவுன்ட்டர் இருக்கிற இடத்தில் இரண்டில்தான் ஆள். வெளியே பென்ஷன் வரிசை. ஆப் நின்றால் திட்டு வாங்குவது அவர்கள்தான், ஆப்பைக் கட்டியவர்கள் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கிறார்கள். ஆனால் கிளைக்கே விதி தெரியாத நாட்டில், வாடிக்கையாளருக்கு அந்த விதியால் என்ன பயன்?

வங்கிகளுக்கு வேகமாகத் தேடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். 2023 செப்டம்பரில் சென்னையில் கார் ஓட்டும் ஒருவரின் கணக்கில், தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி தவறுதலாக 9,000 கோடி ரூபாயை வரவு வைத்தது. அவர் ஏதோ மோசடி எஸ்எம்எஸ் என்று நினைத்து, உண்மையா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். அது போய்ச் சேர்ந்தது. அரை மணி நேரத்துக்குள் மீதிப் பணத்தை வங்கி எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் யூகோ வங்கியின் ஐஎம்பிஎஸ் என்கிற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையில் நடந்த கோளாறில் சுமார் 820 கோடி ரூபாய் பல்லாயிரம் பேர் கணக்குகளில் தப்பாக விழுந்தது. சில நாட்களுக்குள் அதில் 649 கோடியை, அதாவது 79 சதவீதத்தை, மீட்டுவிட்டதாக வங்கியே பங்குச்சந்தைக்குத் தெரிவித்தது. கணக்குகளை முடக்கிப் பணத்தை மீட்டது மட்டும் இல்லை, சிபிஐ வரை போனார்கள்.

அவர்கள் செய்தது சரிதான். தவறிப்போன பணம் உரியவரிடம் திரும்ப வேண்டும். நான் கேட்பது அதே அவசரத்தை எங்களுக்கும்தான். வங்கியின் பணம் எங்கள் கணக்கில் விழுந்தால் அரை மணி நேரம். எங்கள் பணம் வங்கிகளுக்கு நடுவில் தொங்கினால் மனு, நகல், கையெழுத்து, மேலிடத்துக்கு அனுப்புதல். தேடும் திறமை இருக்கிறது. யாருடைய நஷ்டம் என்பதைப் பொறுத்து அது விழித்துக்கொள்கிறது, அல்லது தூங்குகிறது.

தானாக நடப்பதிலும் இதே கதைதான். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்றால் அபராதம் கணினியே பிடித்துக்கொள்ளும். யாரும் மனு எழுத வேண்டியதில்லை. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படிப் பிடித்தது ஏறக்குறைய 8,500 கோடி ரூபாய் என்று 2024 ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஸ்டேட் வங்கி 2020இலேயே இதை நிறுத்திவிட்டது. கனரா, இந்தியன் போன்ற வங்கிகள் 2025இல் நிறுத்தின, அது நல்ல விஷயம். ஆனால் அத்தனை ஆண்டுகள் ஏழைகளின் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் விடாமல் கணக்குப் பார்த்துப் பிடிக்க நிரல் எழுத முடிந்தது. ஆறாவது நாள் 100 ரூபாய் வரவு வை என்று ஒரு நிரல் எழுத முடியாதா? கடன் தவணைத் தேதி ஐந்தாம் தேதி என்று இருக்கும். நான்காம் தேதி போட்ட பணம் தொங்கிவிட்டால் தவணை திரும்பும், திரும்பியதற்கு இரண்டு பக்கமும் கட்டணம் பிடிப்பார்கள். அந்தக் கட்டணம் தொங்கவே தொங்காது.

2025 மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நடந்தது நிறையப் பேருக்கு நினைவிருக்கும். மார்ச் 26, ஏப்ரல் 2, ஏப்ரல் 12 என்று மூன்று வாரத்துக்குள் திரும்பத் திரும்ப யுபிஐ நின்றது. அந்த மார்ச்சில் மட்டும் நாட்டில் நடந்த யுபிஐ பரிவர்த்தனைகள் 1,830 கோடிக்கு மேல். டீக்கடையில் தொடங்கி லாரி வாடகை வரை அதில்தான் ஓடுகிறது. ஏப்ரல் 12 அன்று நின்றதற்கு என்பிசிஐ பிறகு காரணம் சொன்னது. பரிவர்த்தனை என்ன ஆயிற்று என்று விசாரிக்கும் கோரிக்கைகளைச் சில வங்கிகளின் கணினிகள் பதில் வருவதற்குள் மறுபடி மறுபடி அனுப்பிக் குவித்ததில் பாதையே அடைத்துக்கொண்டது என்றார்கள். அதன் பிறகு ஆகஸ்ட் 1 முதல் புதுக் கட்டுப்பாடுகள் வந்தன. ஒரு ஆப்பில் ஒரு நாளைக்கு 50 தடவைக்கு மேல் இருப்பு பார்க்க முடியாது, பரிவர்த்தனை நிலையை விசாரிப்பதற்கும் இடைவெளியும் வரம்பும் உண்டு.

காரணம் சொன்னார்கள் என்பதையே நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. 'தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்யப்பட்டது' என்பதோடு முடிந்துவிடும்.

இதுவரை சொன்னது கையில் ஸ்மார்ட்போன் இருப்பவர்களின் கதை. என் சொந்த ஊர் விருதுநகர் மாவட்டத்தில். அங்கே கிராமங்களில் வங்கி என்றால் சின்னக் கைரேகை இயந்திரத்தோடு வருகிற வங்கிப் பிரதிநிதிதான். நூறுநாள் வேலைச் சம்பளமும், முதியோர் உதவித்தொகையும் பல பேருக்கு அந்த இயந்திரம் வழியாகத்தான் கையில் வருகிறது. தீப்பெட்டி ஒட்டி, பட்டாசுத் திரி முறுக்கி ரேகை தேய்ந்துபோன விரல்கள். என் அம்மாவின் பக்கத்து வீட்டுப் பெரியம்மா விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து, எண்ணெய் தொட்டு, மறுபடி துடைத்து வைப்பார். பச்சை விளக்கு எரியாது. "ரேகை விழல பெரியம்மா, நாளைக்கு வாங்க" என்பார் அந்தப் பையன். ஒரு தடவை விளக்கு எரிந்தது, ஆனால் 'லிங்க்' போய்விட்டது, பணம் வரவில்லை. பணம் போகவில்லை என்றே பெரியம்மா நினைத்துக்கொண்டார். அவருடைய கணக்கோடு எந்த போன் எண்ணும் இணைக்கப்படவில்லை, எஸ்எம்எஸ் வர வழியில்லை. பாஸ்புக் பதியப் போனபோதுதான் ஆயிரம் ரூபாய் பற்று ஆகியிருப்பது தெரிந்தது. பாஸ்புக் பதியும் இயந்திரமும் அதற்குமுன் பல வாரமாக ரிப்பேரில் கிடந்தது.

இந்தக் கைரேகைப் பரிவர்த்தனைக்கும் அதே 2019 சுற்றறிக்கை பொருந்தும், அதே ஐந்து நாள், அதே 100 ரூபாய். ஆனால் பெரியம்மாவிடம் பரிவர்த்தனை எண் இல்லை, துண்டுச்சீட்டு இல்லை. 'ஆதாரம் இருக்கா?' என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. தேடும் பொறுப்பை வாடிக்கையாளர் தலையில் கட்டினால், அதிகம் இழப்பவர் தேடவே முடியாதவர்தான். அதனாலேயே வங்கியே தேட வேண்டும், வங்கியே திருப்பித்தர வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கும்போது ஆதங்கம் கூடத்தான் செய்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர்களில் ஏராளமானோர் சம்பளக் கணக்கு வைத்திருப்பது டிபிஎஸ் வங்கிக் குழுமத்தில். அது 2023இல் பல தடவை நின்றது. அக்டோபர் 14 அன்று, தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பில் நடந்த கோளாறால், அந்த வங்கியும் சிட்டிபேங்கும் சேர்ந்து சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நிறைவேறாமல் போயின. அந்த நாட்டில் ஒரு விதி உண்டு. முக்கியமான எந்த வங்கிக் கணினி அமைப்பும் பன்னிரண்டு மாதத்தில் முன்னறிவிப்பின்றி மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கக் கூடாது. நவம்பர் 1 அன்று சிங்கப்பூர் நாணய ஆணையம், ஆறு மாதத்துக்குப் புதுத் தொழில் எதிலும் இறங்கக் கூடாது, இருப்பதைச் சரிசெய் என்று டிபிஎஸ்ஸுக்குத் தடை போட்டது. தலைமை அதிகாரியின் அந்த ஆண்டு ஊக்கத்தொகையிலும் 30 சதவீதம் வெட்டு விழுந்தது.

பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு ஒரே வார இறுதியில் மாறியது. மாறிய கையோடு லட்சக்கணக்கானவர்களால் கணக்கைத் திறக்க முடியவில்லை. சிலருக்குத் திறந்தது, ஆனால் உள்ளே அடுத்தவர் கணக்கு தெரிந்தது. சரியாக மாதக் கணக்கில் ஆயிற்று. அந்தச் செப்டம்பரில் தலைமை அதிகாரி பதவி விலகினார். என்ன நடந்தது என்று ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்து, முழு அறிக்கையையும் 2019இல் வெளியிட்டார்கள். 2022 டிசம்பரில் ஏறக்குறைய 4.87 கோடி பவுண்டு அபராதம். மறு ஆண்டு, தகவல் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையிலும் அபராதம் விதித்தார்கள்.

நம் ரிசர்வ் வங்கியும் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எச்டிஎஃப்சி வங்கியின் இணையச் சேவை இரண்டு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நின்றதற்காக, 2020 நவம்பர் 21 அன்று முதன்மைத் தரவு மையத்தில் மின்சாரம் போய் எல்லாம் முடங்கிய பிறகு, டிசம்பர் 2 அன்று புது டிஜிட்டல் திட்டங்களுக்கும் புதுக் கடன் அட்டைகளுக்கும் தடை விதித்தது. அட்டைத் தடை நீங்க 2021 ஆகஸ்ட் ஆனது, மீதி நீங்க 2022 மார்ச். 2024 ஏப்ரல் 24 அன்று கோட்டக் மகிந்திரா வங்கிக்கும் அதே மாதிரி ஒரு தடை. இவை கடுமையான நடவடிக்கைகள்தான். ஆனால் இரண்டிலும் தண்டனை புது வாடிக்கையாளர்களைச் சேர்க்காதே என்பது. ஏற்கெனவே உள்ளே இருந்து அவதிப்பட்டவருக்கு அதில் என்ன கிடைத்தது? அன்றைக்குச் சம்பளம் எடுக்க முடியாமல் நின்றவர் கையில் என்ன வந்தது? டிஎஸ்பி வெளியிட்டதுபோல, எங்கே தப்பு நடந்தது, யார் எதைக் கவனிக்கத் தவறினார் என்று சொல்லும் முழு அறிக்கை ஒன்றை நம் வங்கி எதுவும் வெளியிட்டு நான் படித்ததில்லை. என்பிசிஐ தன் இணையதளத்தில் மாதாமாதம் எந்த வங்கியில் எத்தனை சதவீதப் பரிவர்த்தனைகள் தொழில்நுட்பக் காரணத்தால் தோற்றன என்று போடுகிறது. அந்த எண்ணைக் கிளை வாசலில், வட்டி விகிதப் பலகைக்குப் பக்கத்தில், தமிழில் எழுதி வைக்கட்டும். கணக்குத் தொடங்க வருகிறவர் பார்த்து முடிவு செய்வார்.

நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்பது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட இன்னொரு சுற்றறிக்கை, நமக்குத் தெரியாமல் நம் கணக்கிலிருந்து மின்னணு வழியில் பணம் போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. நம் தப்பும் இல்லை, வங்கியின் தப்பும் இல்லை, மூன்றாவது இடத்தில் ஓட்டை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டப் பொறுப்பே கிடையாது. சொன்ன பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று வங்கி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். தொங்குகிற பணத்துக்கும் இதையே வை என்றுதான் கேட்கிறேன். கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்று வங்கி சொன்னால், சேர்ந்ததற்கான சாட்சியை வங்கி காட்டட்டும். காட்டும்வரை பணம் என் கணக்கில் இருக்கட்டும்.

அது வரும்வரை நாம் செய்ய முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பணம் தொங்கியதும் முதலில் அந்தப் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். போனில் பேசினாலும் கிளையில் பேசினாலும் புகார் எண் வாங்காமல் முடிக்காதீர்கள். புகார் எண் இல்லாத பேச்சு எங்கேயும் பதிவாவதில்லை. எழுத்தில் கொடுக்கும்போது 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி தாமதமான நாட்களுக்கு இழப்பீடு வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. இணையத்தில் பதியலாம், சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலிலும் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448. அந்தத் திட்டத்தில் பண இழப்பு போக, வீணான நேரத்துக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக ஒரு லட்சம் ரூபாய் வரை இழப்பீடு தர இடம் வைத்திருந்தார்கள். மன உளைச்சலைச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

என் பதினோராயிரம் கெடு தாண்டித் திரும்பி வந்தது. ஒரு விளக்கம் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. தாமதத்துக்கான இழப்பீடு வரவில்லை. எழுதிக் கேட்டேன், பிறகு வந்தது. பெரியம்மாவின் ஆயிரமும், அந்தப் பிரதிநிதிப் பையனே தன் இயந்திரத்தின் பதிவை எடுத்துக் கொடுத்து உதவியதால், வந்து சேர்ந்தது.

மருந்துக்கடைக்கு அப்புறம் போனபோது அந்தத் தம்பியிடம் விசாரித்தேன். அன்றைக்கு ராத்திரி மாட்டிக்கொண்டவர்களில் அவனுக்குத் தெரிந்த எல்லோருக்கும் பணம் திரும்பிவிட்டது, இழப்பீடு ஒருவருக்கும் வரவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது என்றான். பரமக்குடிக்காரர் யார், எந்த வங்கி என்று அவனுக்குத் தெரியவில்லை. வங்கிக்குத் தெரியும். அந்த இரவில் தொங்கிய ஒவ்வொரு பரிவர்த்தனையும், திரும்பிய தேதியோடு, அவர்கள் கணினியில் வரிசையாக இருக்கிறது. அடுத்தவர் எழுத்தில் அனுமதி தராமல் அவருக்காக நான் குறைதீர்ப்பாளரிடம் போக விதியில் இடமில்லை. அதனால் என் வங்கியின் வாடிக்கையாளர் குறைதீர் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்தத் தேதியில் கெடு தாண்டித் திரும்பிய பரிவர்த்தனைகள் மொத்தம் எத்தனை, அதில் எத்தனை பேருக்கு இழப்பீடு தானாக வைக்கப்பட்டது, மீதிப் பேருக்கு எந்தத் தேதிக்குள் வைப்பீர்கள் என்று மூன்று கேள்விதான் அதில் இருக்கிறது. பதில் வந்ததும் அப்படியே இங்கே போடுகிறேன்.